கோடைக் காயும் கொல்லைப் பச்சிலையும்: வாசகர் கேள்வி–பதில்

தை மாதத்தில் ஊன்றிய சுரையும் பீர்க்கும் காய்ப்புக்கு வந்துவிட்ட இந்தப் பங்குனியில், ஏர்வாடி முதல் தொண்டி வரை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் விளைந்த காய்களைப் பற்றியவை. அவற்றுள் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி சுக்கினி விதை கொண்டுவந்து கொடுத்தான். கார்த்திகை மழை விட்ட பிறகு மொட்டை மாடியில் பைகளில் ஊன்றினேன். தை கடைசியிலிருந்து நன்றாகக் காய்க்கிறது. ஆனால் சுரைக்காயைப் போலப் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் கூழாகிவிடுகிறது, ருசியும் இல்லை. வீட்டில் புதினாவும் திருநீற்றுப்பச்சையும் செழித்திருக்கின்றன. எந்த இலையைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது?
— ஒரு வாசகி, மண்டபம்

முதலில் தங்கள் கைப்பக்குவத்தைப் பாராட்ட வேண்டும். சுக்கினி நம் கோடையைத் தாங்காத செடி. மழை ஓய்ந்து குளிர்ந்த காற்று வீசும் மார்கழி, தை மாதங்கள்தான் நம் கரையில் அதற்கு ஏற்ற பருவம் என்பதைத் தெரிந்தோ தெரியாமலோ சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

சுக்கினியைப் பூசணிக் குடும்பத்தின் பிஞ்சு என்று நினைத்துக்கொண்டால் சமையல் எளிதாகிவிடும். அதன் முன்னோர் மெக்சிகோ நிலப்பகுதியைச் சேர்ந்தவை. இன்று நாம் காணும் நீண்ட பச்சைக் காயாக அதை வளர்த்தெடுத்தவர்கள் இத்தாலியர்கள். காயில் நூற்றுக்குத் 90 பங்குக்கு மேல் நீர்தான். சுரைக்காயிலும் ஏறத்தாழ அவ்வளவு நீர் உண்டு என்றாலும், சுரையின் சதை கொஞ்சம் அழுத்தமானது. பருப்போடு கொதித்தாலும் துண்டு துண்டாக நிற்கும். சுக்கினியின் சதைக்கு அந்த உறுதி கிடையாது. நீரில் வேக வைத்தால் தன் நீரையும் விட்டு, ஊற்றிய நீரையும் குடித்துக் கரைந்துபோகும். ஆகவே அதற்குக் கூட்டு ஏற்றதன்று. எண்ணெயில் வதக்குவதே ஏற்றது.

ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர விடாமல் காயைப் பறித்துவிடுங்கள். தோலைச் சீவ வேண்டாம். மணமும் நிறமும் அங்கேதான் இருக்கின்றன. அரைக் கிலோ காயைச் சுண்டுவிரல் கனத்தில் வட்டமாக அரிந்துகொள்ளுங்கள். இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பின் அரைத் தேக்கரண்டி சீரகம், கிள்ளிய முண்டு மிளகாய் இரண்டு, தட்டிய பூண்டு நான்கு பல் ஆகியவற்றைப் போட்டு, பூண்டு சிவக்கும் முன்பே காயைச் சேர்த்துவிட வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து முண்டு மிளகாயைத்தான் சொல்கிறேன். நீள மிளகாயைக் காட்டிலும் இந்த வதக்கலுக்கு அதன் மணம் பொருத்தமாக இருக்கிறது. அடுப்பு முழு வேகத்தில் எரியட்டும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரவிக் கிடக்க வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக வதக்குங்கள். குவிந்தால் காயின் நீர் ஆவியாக வழியில்லாமல் அடியில் தேங்கி, வதங்குவதற்குப் பதிலாக அவிந்துவிடும். ஒரு பக்கம் பொன்னிறப் புள்ளி விழுந்ததும் திருப்பிவிட்டு, மறு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் போதும். மூடி போடக் கூடாது.

உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். உப்புக்குக் காயின் நீரை வெளியே இழுக்கும் தன்மை உண்டு; நறுக்கியதும் உப்புப் போட்டுப் பிசறி வைக்கும் பழக்கம் பாகற்காய்க்குச் சரி, வதக்கப்போகும் சுக்கினிக்குக் கூடாது.

இனி இலைக்கு வருவோம். தங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எந்த இலை என்பதோடு நிறுத்தாமல் எப்போது என்றும் கேட்டிருப்பதுதான். கறிவேப்பிலை, ஓமவல்லி போன்ற தடித்த இலைகளின் மணம் சூடான எண்ணெயில் பட்டால்தான் இறங்கும். அவற்றைத் தாளிப்பில் போட வேண்டும். கொத்தமல்லித் தழை, புதினா, திருநீற்றுப்பச்சை ஆகிய மென்மையான இலைகளின் மணமோ சூட்டில் பறந்துவிடும்; அடுப்பை அணைத்த பிறகே அவற்றைத் தூவ வேண்டும். கொத்தமல்லியின் தண்டு மட்டும் விதிவிலக்கு. அதைப் பொடியாக அரிந்து பூண்டோடு சேர்த்து வதக்கினால் மணம் காயில் ஊறிவிடும். தண்டைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

திருநீற்றுப்பச்சையைப் பலர் பூக்கட்டில் வைத்துத் தொடுப்பதற்கும், அதன் விதையான சப்ஜாவைச் சர்பத்தில் ஊற வைப்பதற்கும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். இத்தாலியர்கள் சுக்கினியோடும் தக்காளியோடும் சேர்ப்பது இந்த இனத்து இலையைத்தான். பத்துப் பன்னிரண்டு இலையைக் கத்தியால் அரியாமல் கையால் கிள்ளிப் போட்டு, ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். கத்தி பட்டால் ஓரம் கறுக்கும். நம் நாட்டுச் செடியின் மணம் சற்றுக் காரமானது என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

புதினாவுக்கு வேறொரு வழி இருக்கிறது. நேப்பிள்ஸ் நகரத்தார் சுக்கினி வட்டங்களைப் பொரித்தெடுத்து, வினிகரும் பூண்டும் புதினாவும் சேர்த்துச் சில மணி நேரம் ஊற வைத்து, ஆறிய பிறகு உண்பார்கள். வினிகருக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு பிழிந்து நான் செய்து பார்த்தேன். பழைய சோற்றுக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. பங்குனி வெயிலில் காலையில் செய்து வைத்து மதியம் உண்ணுங்கள். மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

வீட்டுப் பந்தலில் விளைந்த சுரைக்காய் ஒன்று கசந்தது. என் அத்தை, முனையை வெட்டித் தேய்த்து, உப்புப் போட்டுப் பிழிந்து, புளி விட்டுக் கொதிக்க வைத்தால் கசப்புப் போய்விடும் என்கிறார்கள். பாகற்காயின் கசப்பை உண்கிற நாம் இதை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?
— ஒரு வாசகி, பெரியபட்டினம்

சரியன்று. இதை அத்தையிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அந்தக் காயைச் சமைக்கவே கூடாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போடக் கூடாது.

சுரை, பீர்க்கு, வெள்ளரி, பூசணி, சுக்கினி எல்லாம் ஒரே குடும்பம். தம்மைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டுவதற்காக இந்தக் குடும்பத்துச் செடிகள் இயல்பாகவே ஒரு கசப்புப் பொருளை உண்டாக்கும். குக்குர்பிட்டசின் என்பது அதன் பெயர். பல நூறு தலைமுறைகளாகக் கசப்பில்லாத காயின் விதையையே தேர்ந்தெடுத்து விதைத்து வந்ததால்தான் நம் வீட்டுச் சுரை இனிக்கிறது. ஆனால் அந்தக் கசப்பு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வேலியோரங்களில் தானாகப் படரும் பேய்ச்சுரையைத் தங்கள் அத்தைக்கும் தெரிந்திருக்கும். சுரைப் பூ மாலையில் விரிந்து இரவெல்லாம் திறந்திருப்பது. விட்டில்கள் பேய்ச்சுரையின் மகரந்தத்தை நம் பந்தல் பூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தால், இந்த ஆண்டுக் காய் கசக்காது, அந்தக் காயின் விதையிலிருந்து அடுத்த ஆண்டு முளைக்கும் கொடி கசக்கும். வீட்டு விதையைப் போட்டவர்களுக்கே இந்த அனுபவம் அதிகம் நேர்வதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் காணாமல் வாடிக் கிடந்த கொடியிலும், கடும் வெயில் பட்ட கொடியிலும் கசப்பு கூடும்.

இந்தப் பொருள் கொதித்தாலும் அழியாது; உப்பாலும் புளியாலும் நாக்கை ஏமாற்றலாமே தவிர வயிற்றை ஏமாற்ற முடியாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குதல் ஆகியவை இதன் விளைவுகள். மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் நரம்பு வழியாக நீரேற்றிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. 2012-இல் வெளியான அந்தக் குழுவின் அறிக்கை, சாறு எடுக்கும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்துக் கசந்தால் எறிந்துவிட வேண்டும் என்று சொல்கிறது. சுரைக்கு மட்டும் உரிய ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். முதல் கேள்வி கேட்ட மண்டபத்துச் சகோதரி இந்தப் பதிலையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாகற்காயின் கசப்புக்குக் காரணமானவை வேறு பொருள்கள். கசப்பு அதன் இயல்பு. சுரைக்குக் கசப்பு எச்சரிக்கை.

எங்கள் வீட்டில் எந்தக் கொடிக்காயை அரிந்தாலும், காம்புப் பக்கத்திலிருந்து ஓர் அரிசியளவு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கசந்தால் துப்பி வாய் கொப்பளித்துவிடுவோம். ஒரு முறை விருந்தாளி வந்த அவசரத்தில் மூன்று காய்களில் ஒன்றைச் சுவைக்காமல் விட்டேன், அதுதான் கசந்தது. ஒரு சட்டிக் கூட்டையும் குழி தோண்டிக் கொட்டினோம். அன்றைக்குப் பட்ட சங்கடத்துக்குப் பிறகு இந்தப் பழக்கத்தை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை. கசந்த காய் வந்த கொடியை வேரோடு பிடுங்கிவிடுங்கள், விதைக்கும் எடுக்காதீர்கள்.

இன்னும் சில நாட்களில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பீர்க்கங்காயோடு கூனியோ (காயவைத்த பொடி இறால்), கிடைத்தால் இறாலோ சேர்த்துச் சமைப்போம். குழம்பு நீர்த்துப்போகிறது, இறால் ரப்பராகிறது. இதற்கு எந்தத் தழை பொருந்தும்?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகு கொண்டுவருவது மட்டுமே பச்சை மீனாகக் கிடைக்கும். அதே நாட்களில் பந்தலில் பீர்க்கு காய்த்துத் தொங்குவதால்தான் நம் கரை வீடுகளில் காயும் கருவாடும் இவ்வளவு நெருங்கின. தாங்கள் செய்வது நல்ல சமையல். வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

பீர்க்கங்காயின் வரம்புகளை மட்டும் சீவி, உள்தோலை இலேசாக விட்டு, கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக அரியுங்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் வதங்கிய சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் காயைப் போட்டால், ஐந்து நிமிடத்தில் தானே நீர் விடும். அந்த நீரில் மஞ்சளும் மல்லிப் பொடியும் சேர்த்துத் திறந்தே கொதிக்கவிட்டு, பாதியாகச் சுண்டிய பிறகுதான் இறாலைச் சேர்க்க வேண்டும். இறாலுக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் சூடு ஆகாது. சுருண்டு சிவந்ததும் இறக்கிவிடுங்கள். முதலிலேயே இறாலைப் போட்டுக் காயின் நீர் வற்றும்வரை காத்திருப்பதால்தான் அது ரப்பராகிறது.

கூனியானால் வெறும் சட்டியில் வறுத்து, மணல் போகும்படி இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து சேருங்கள். அதில் உப்பு இருக்கும். கொதித்த பின் நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். தழையில் கொத்தமல்லிக்கு ஈடு வேறில்லை. ஒரு பிடித் தண்டைத் தேங்காயோடும் நான்கு மிளகோடும் அரைத்து ஊற்றுங்கள். இலையை இறக்கிய பின் தூவுங்கள். புதினா கூனியின் மணத்தோடு மல்லுக்கு நிற்கும், வேண்டாம். சீவிய வரம்புகளை எறியாமல் உளுந்து, புளி, காய்ந்த மிளகாயோடு வதக்கித் துவையலாக அரைத்துக்கொள்ளுங்கள்.

தால்ச்சாவில் சுரைக்காய் கரைந்துவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ரம்பை இலையோடு (நீளமான மண இலை) புதினாவும் சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

தால்ச்சாவைப் பற்றிக் கீழக்கரைக்காரருக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். எலும்பும் பருப்பும் முழுவதும் வெந்த பிறகு, முதலில் புளிக்கரைசலை ஊற்றிக் கொதி வந்ததும், பெரிய துண்டுகளாக அரிந்த சுரைக்காயைப் போடுங்கள். புளிப்பு காயின் சதையைச் சட்டென்று குழைய விடாது. இதே காரணத்தால், பருப்பு வேகும் முன் புளியை ஊற்றினால் பருப்பு வேகாமல் முரண்டு பிடிக்கும். ரம்பை தாளிப்பிலேயே எண்ணெயில் பட வேண்டிய இலை. விரல் நீளத் துண்டு இரண்டு போதும். புதினாவைத் தாராளமாகச் சேர்க்கலாம். பாதியை இஞ்சி பூண்டு விழுதோடு வதக்கி, மீதியை இறக்கும்போது போடுங்கள்; வதங்கியது குழம்புக்குக் கனம் கொடுக்கும், பச்சையாகப் போட்டது மணம் கொடுக்கும்.

எங்கள் கிணற்று நீர் உவர். குடிநீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவருகிறோம். கச்சான் என்னும் மேல்காற்று தொடங்கிவிட்டால் மல்லியும் புதினாவும் கருகிவிடுகின்றன. கோடைக் காய்க்கு வேண்டிய பச்சிலையை இப்படிப்பட்ட வீட்டில் வளர்க்க முடியுமா?
— ஒரு வாசகி, ஏர்வாடி

முடியும்; ஆனால் எல்லா இலையையும் ஆசைப்படக் கூடாது. உவர் நீரை ஓரளவாவது பொறுத்துக்கொண்டு, நீர் குறைந்தாலும் தன் தடித்த இலையில் சேமித்து வைத்துப் பிழைப்பது ஓமவல்லி. பக்கத்து வீட்டில் ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் போதும். அதை வைத்துச் சுரைக்காய்த் தயிர்ப் பச்சடி செய்து பாருங்கள்: துருவிய சுரையை ஒரு கரண்டி எண்ணெயில் நீர் வற்ற வதக்கி ஆறவிட்டு, கடுகோடு பொடியாக அரிந்த இரண்டு ஓமவல்லி இலைகளைத் தாளித்து, எல்லாவற்றையும் கெட்டித் தயிரில் கலக்க வேண்டும். மூன்றாவது இலை சேர்ந்தால் கஷாய வாடை வந்துவிடும்.

புதினாவுக்கு உவர் ஆகவே ஆகாது. அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் எந்த வீட்டிலும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் சேரும். ஒரு தொட்டிப் புதினாவுக்கு அது போதும். உப்புப் போட்டு அலசிய நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தென்னை நார்க்கழிவு வாங்கிப் போடுவதானால் முதலில் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதிலேயே உப்பு இருக்கும். தொட்டியைச் சுவரின் கிழக்குப் பக்கம் வையுங்கள். காலை வெயில் படும், கச்சான் படாது. கொத்தமல்லி கோடையில் வளர்வதற்குள் பூத்துவிடும் இயல்புடையது. பெரிய இலைக்குக் காத்திராமல், விதையை இரண்டாக உடையும்படி தேய்த்து ஒரு தட்டில் நெருக்கமாகத் தூவி, ஒரு மாதத்தில் நாற்றாகவே பிடுங்கி வேரோடு பயன்படுத்துங்கள். பத்து நாளைக்கு ஒரு தட்டாகத் தூவி வந்தால் ஆடி வரை வீட்டுக்கு மல்லி இருக்கும்.